படித்துக் காட்டப்பட்டது

என் நைனாவுக்கு அம்மா எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமை பயிற்சி வகுப்பிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாய். திரையில் காட்டிய பாடத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டோ எடுத்திருந்தாய். பழைய பதிவேட்டின் ஒரு பக்கம் அது. மேலே பெரிய எழுத்தில் 'கடைநிலை ஊழியர் வரை தகவல் சென்றடைந்ததற்குச் சான்று' என்று தலைப்பு. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அம்மா, இது உன் கையெழுத்துதானே? எங்கம்மான்னு எழுந்து நின்னு சொல்லிட்டேன். கிளாஸே கை தட்டுச்சு." நான் பதில் போடவில்லை. சாயந்திரம் போன் பண்ணி, ஒரு ஹார்ட் கூடப் போடவில்லையே என்று கோபித்துக்கொண்டாய். இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கிறேன், கையெல்லாம் மாவு என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் மாவு அரைக்கவில்லை. உங்கப்பா வாங்கிவந்த பரோட்டாவைத்தான் சாப்பிட்டோம், அதுவும் எனக்கு இறங்கவில்லை.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது பொய். உன் வகுப்பில் அந்தப் பொய்க்குத்தான் கை தட்டினார்கள். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நீ எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், உன் முகத்தைப் பார்த்தால் வாயடைத்துப் போவேன். அடுத்த மாசம் நீ வேலையில் சேரப் போகிறாய். திட்டக் கொள்கையை மேலிருந்து கீழ்வரை எல்லா ஊழியருக்கும் புரிய வைக்க வேண்டும், அவர்களையும் அதில் ஈடுபட வைக்க வேண்டும், அதுதான் உன் பொறுப்பு என்று போன மாசம் தட்டில் சோறு காயக் காய ஒரு மணி நேரம் பேசினாய். உங்க ஆபீஸில் எப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்டாய். ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன். ரசம் உன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். கூடவே, காலேஜ் படிக்கும்போது நீ இரண்டு மூன்று தடவை கேட்டு நான் மழுப்பிய இன்னொரு கேள்விக்கும். ஏழுமலை மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கேட்பாயே, அது.

எங்கள் அலுவலகம் உனக்குத் தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் ஆலை வரலாம் என்று வகைபிரித்து வரைபடம் போடுவதற்கு வேண்டிய விவரங்களைத் திரட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. மேலிடத்திலிருந்து ஏதாவது மாற்றம் வந்தால் சுற்றறிக்கையாக வரும். அதை ஒரு பெரிய பதிவேட்டில் ஒட்டி மேசை மேசையாக அனுப்புவோம். படித்தவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே சுருக்கொப்பம் போடுவார்கள். படிக்காதவர்களும் போடுவார்கள். மத்தியான நேரத்தில் அந்தப் பதிவேடு வந்தால், ஒரு கையில் டீ, ஒரு கையில் பேனா, கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். இதெல்லாம் மேசை இருக்கிறவர்களுக்கு. வெயிலில் அலைந்து படிவம் நிரப்புகிற கள ஊழியர்கள் நாலு பேருக்கு மேசையே கிடையாது. அவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதனால் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தலைமை எழுத்தர் அவர்களைக் கூப்பிட்டுச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு பதிவேட்டில் அவர்கள் பெயர்களை எழுதி, 'படித்துக் காட்டப்பட்டது' என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமை எழுத்தர் நான்.

முதல் வருஷம் நிஜமாகவே படித்துக் காட்டினேன். நடையில் ஒரு பெஞ்சு உண்டு, அதில் நாலு பேரையும் உட்கார வைத்து, அந்த இங்கிலீஷ் வாசகத்தைத் தமிழில் சொல்வேன். அவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு போக மாட்டார்கள். இப்படி எழுதினால் அந்தத் தெருக்காரர்களுக்குப் பட்டா வருமா, கீழ் வீடு ஒருத்தர் மேல் வீடு ஒருத்தர் என்றால் எப்படிக் குறிப்பது என்று கேள்வி மேல் கேள்வி வரும். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. உள்ளே போய்க் கேட்டு வருவேன். ஒரு நாள் எங்கள் அதிகாரி எல்லார் முன்னாலும், "ஏம்மா, அங்க என்ன பட்டிமன்றமா நடத்துறீங்க?" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வந்தது ஏதோ விடுப்பு விண்ணப்பத்தைப் பற்றிய சின்னச் சுற்றறிக்கை. நாலு பேரும் களத்துக்குப் போயிருந்தார்கள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று கையெழுத்தை முதலில் போட்டேன். அப்புறம் சொல்ல மறந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்கடுத்ததையும் அப்படியே செய்தேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தேன், நைனா. அத்தனை வருஷத்தில் எத்தனை பக்கம் என்று எனக்கே தெரியாது.

அந்த நாலு பேரில் ஒருத்தர்தான் ஏழுமலை. நீ எட்டாவது படிக்கும்போது, சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிறோம் என்று என்னை ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள், உங்கப்பாவுக்கு மணலியில் ஷிப்டு. உன்னை டியூஷனுக்கு சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தது ஏழுமலை. பெட்ரோல் கேட்டதில்லை என்று உங்கப்பா கிண்டல் பண்ணுவார். மாசத்துக்கு ஒரு தடவை நெத்திலிக் கருவாடு கொண்டுவருவார். அது அவர் மாமியார் கன்னியம்மா காயவைத்தது. எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிற சின்னக் குப்பம் ஒன்றுதான் அவர் மனைவி செல்வியின் தாய்வீடு. குப்பத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. நான் இப்போது அவர், இவர் என்று எழுதுகிறேன். ஆபீஸில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏழுமலை வா, ஏழுமலை போ, அவ்வளவுதான். அவருக்கும் எனக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் கடலோரக் கணக்கெடுப்பு வந்தது. களத்தில் நிரப்ப வேண்டிய படிவத்தில் வீடு, கடை, தொழிற்கூடம், காலி இடம் என்று நாலே கட்டம். கணக்கெடுப்பு தொடங்கிப் பத்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரே ஒரு தாள். மீனவக் குப்பங்களில் பார்வைக்கு வெறுமையாகத் தெரிகிற நிலத்தைக் காலி இடம் என்று எழுதக் கூடாது, காலை நேரத்தில் போய்ப் பார்த்து, குப்பத்துக்காரர்களைக் கேட்டு, அங்கே வலை உலர்த்துகிறார்களா, மீன் காயவைக்கிறார்களா, படகு ஏற்றுகிறார்களா என்று குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும், அப்படி எழுதப்பட்ட இடங்கள் பொதுப் பயன்பாடாக வரைபடத்தில் காக்கப்படும் என்று அதில் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மேலே உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான். கொள்கையில் தப்பே இல்லை. நான் அதைப் பசை போட்டு ஒட்டினேன். நாலு பெயரை எழுதினேன். ஏழுமலை பெயர் மூன்றாவது. படித்துக் காட்டப்பட்டது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை மூடினேன். அந்தப் பக்கத்தைத்தான் நீ போட்டோ எடுத்து அனுப்பினாய்.

அது தெரியாமல் செய்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வாரமே ஏழுமலை என் மேசைக்கு வந்து நின்றார். கையில் படிவம். மத்தியான வெயிலில் வந்திருந்தார், சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. "மேடம், எங்க மாமியாரு குப்பத்துல பெரிய திடலு ஒண்ணு கீது. இப்போ பாத்தா காலியாத்தான் கீது. ஆனா காத்தால வந்து பாருங்க, கால் வெக்க எடம் இருக்காது. ஊரே அங்கதான் மீன் காயவெக்குது. இத்த காலின்னு எப்டி மேடம் போட்றது?" என்று கேட்டார். நைனா, சுற்றறிக்கையில் எழுதியிருந்த அதே விஷயத்தை, அதைப் படிக்காத மனுஷன் என் முன்னால் நின்று கேட்கிறார். பதிவேடு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு அன்றைக்கு மாதாந்திர அறிக்கை அனுப்புகிற நாள். தலையை நிமிர்த்தாமலே, "படிவத்துல என்ன கட்டம் இருக்கோ அதைப் போடு ஏழுமலை, உனக்கெதுக்கு ஊர் வம்பு" என்றேன். அவர் சரி மேடம் என்று சொல்லிவிட்டு, நடை பெஞ்சில் உட்கார்ந்து, 'காலி இடம்' கட்டத்தில் டிக் போட்டு, கீழே தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொரு தடவையும் வாய்ப்பு வந்தது. அடுத்த மாசம் மேலதிகாரி ஒருத்தர் வந்து ஊழியர் கலந்துரையாடல் நடத்தினார். பேனர், பூச்செண்டு, சமோசா எல்லாம் உண்டு. நாற்காலி எடுத்துப் போட்டது கள ஊழியர்கள் நாலு பேரும். அவர்களுக்கு நாற்காலி பற்றவில்லை, சுவரோரம் நின்றார்கள். நம் திட்டம் நம் எல்லாருடையது, கடைசி ஊழியரின் குரலும் எனக்குக் கேட்க வேண்டும் என்று அவர் நன்றாகவே பேசினார். முடிக்கும்போது, களத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். ஏழுமலை கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்குத்தான் தூக்கியிருப்பார். நான் இரண்டாவது வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே வேண்டாம் என்றேன். மேலதிகாரி கிளம்ப நேரமாகிவிட்டது, எங்கள் அதிகாரியின் முகம் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தது, பட்டிமன்றப் பேச்சு எனக்கு மறக்கவில்லை. ஏழுமலை கையை இறக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினோம்.

வரைபடம் வெளிவந்தபோது அந்தத் திடல் தொழில் பயன்பாட்டு நிறத்தில் இருந்தது. ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்து ஏதோ ஒரு பத்திரிகையில் விளம்பரம் வந்ததாம், குப்பத்தில் யார் பார்த்தார்கள்? மதில் சுவர் எழுப்ப ஆள் வந்தபோதுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது. நூறு பேருக்கு மேல் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார்கள். கூடைக்காரப் பெண்கள்தான் முன்னால். கன்னியம்மாவை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை நேரில் பார்த்தேன், அவர் கருவாட்டை எத்தனை வருஷம் தின்றிருக்கிறேன். படித்த பையன் ஒருத்தன் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் படிவத்தின் நகலை வாங்கி வந்திருந்தான். கன்னியம்மாவுக்கு எழுத்து தெரியாது. மருமகன் கையெழுத்து மட்டும் தெரியும். நகலை ஏழுமலை முகத்துக்கு நேராக நீட்டி, "இது நீ எழுதனதா?" என்று கேட்டார். ஏழுமலை ஆமாம் என்றார். அவ்வளவுதான். அந்தம்மா கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் அலமாரிக்குப் பக்கத்தில் கோப்பு தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு விசாரணை வைத்தார்கள். முந்தின நாள் உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், பையன் இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங், உனக்குப் பதவி உயர்வு வாசலில் நிற்கிறது, ஏழுமலை என்ன நிரந்தர ஊழியரா, இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது பிழைத்துக்கொள்வார், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். உங்கப்பா மேல் பழி போடவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன், ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதான். மறுநாள் விசாரணை அதிகாரி டீ வரவழைத்து, மரியாதையாகத்தான் கேட்டார். பதிவேடு மேசை மேல் விரித்து வைத்திருந்தது. இந்தச் சுற்றறிக்கை கள ஊழியர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டதா அம்மா? ஆமாம் சார் என்றேன். அந்த அறைக்குள் நான் நாலு நிமிஷம் கூட இருக்கவில்லை. வெளியே அதே பெஞ்சில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தம்பிக்கு செமஸ்டர் பரீட்சை முடிஞ்சுதா மேடம் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த வருஷம் மூன்று பேருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், ஏழுமலையுடையதைப் புதுப்பிக்கவில்லை. அதோடு அவர் நம் வீட்டுக்கு வருவதும் நின்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே அது ஒரே ஆபீஸுக்குள்ளேயே நடந்தது. விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? அலுவலகத்தின் உள் தகவல் முறை சிறப்பாக இயங்கியிருக்கிறது, தவறு ஒரு தனிப்பட்ட ஊழியரின் கவனக்குறைவு, இந்தப் பதிவேட்டு முறையை மற்ற அலுவலகங்களும் பின்பற்றலாம். அப்படித்தான் அந்தப் பக்கம் ஊர் ஊராகப் போய், கடைசியில் உன் பாடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. மதில் சுவர் எழும்பிவிட்டது. திடலில் இப்போது கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். குப்பத்துக்காரர்கள் ரோட்டோரத்தில், லாரிப் புழுதியில் மீனைக் காயவைக்கிறார்கள். அந்தக் கருவாட்டை வாங்குகிறவர்கள் மண் கடிக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

நீ உன் ஊழியர்கள் எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப் போகிறேன் என்றாய். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டாய். நீ சொல்கிற அந்த நீலக் குறிக்கும் என் கையெழுத்துக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சொன்னோம் என்பதற்குச் சான்று வேண்டும் என்றுதான் எல்லாரும் துடிக்கிறார்கள், கேட்டவனுக்கு என்ன புரிந்தது என்று யாருக்கும் வேண்டாம். அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவரோரம் நிற்கிறவர்களை முதலில் உட்கார வை. நீ சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள். யாராவது தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினால், சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை, மேலதிகாரி முறைத்தாலும் பரவாயில்லை, அந்தக் கை இறங்குவதற்குள் அவனைப் பேச விடு. இவ்வளவையும் எழுதிவிட்டு, இதனால் ஏதாவது மாறும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. முதல் வருஷம் செய்வாய். நானும் முதல் வருஷம் செய்தேன். வாரத்துக்கு முப்பது சுற்றறிக்கை வரும்போது, உன் அதிகாரி உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, நீயும் ஒரு நாள் என்னை மாதிரி ஆகிவிடுவாய் என்றுதான் பயமாக இருக்கிறது. அது என் ரத்தத்தில் வந்த குணமாக இருந்தால் உனக்கும் இருக்குமே என்று கூட நினைத்து அழுதேன்.

உன் படம் வந்த மறுநாள் காலை காசிமேட்டு மீன் துறைமுகத்துக்குப் போனேன். ஏழுமலை அங்கே ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை செய்கிறார் என்று மட்டும் எனக்குத் தெரியும், போய்ப் பார்த்ததில்லை. முடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார், பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். நீ அதிகாரி ஆகியிருக்கிறாய் என்றதும் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், நான் சைக்கிள்ல கூட்டிக்கினு போன புள்ள என்று சொன்னார். நான் சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்த விசாரணையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். விசாரணையில் என்ன சொன்னார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேடம் படித்துத்தான் இருப்பார்கள், எனக்குத்தான் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். குப்பத்துப் பஞ்சாயத்திலும் அதையே சொல்லி, காதில் வாங்காமல் விட்டது என் தப்பு என்று விழுந்து கும்பிட்டிருக்கிறார். கன்னியம்மா அதற்கப்புறம் அவரிடம் பேசவே இல்லை. போன ஐப்பசியில் அந்தம்மா செத்துப்போனார். ஏழுமலையைக் குப்பத்துக்குள் விடவில்லை. தெருமுனையில் நின்று பாடையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆறிப்போகுது மேடம், டீயைக் குடியுங்கள் என்றார். குடித்தேன். குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் நான் இருந்த இருப்பை உங்கப்பாவைக் கேள். நேற்றுப் பதிவுத் தபாலில் ஆபீசுக்கும் உன் பயிற்சி நிலையத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் பொய், நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை என்று. என் ஓய்வூதியத்தில் கை வைக்கலாம், வைக்கட்டும். உன்னைத்தான் நினைத்துக் கலங்குகிறேன். எங்கம்மா என்று எழுந்து நின்று சொன்னாயே, அந்த வகுப்பில் இனி நீ எப்படி உட்காருவாய்? சேருகிற இடத்திலும் இந்தப் பேச்சு உனக்கு முன்னால் போய் நிற்கும். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் சரி என்றுவிடுவேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி எழுத மாட்டேன், உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது பார்த்துக்கொள்.

தபாலைப் போட்டுவிட்டு நேராகக் காசிமேட்டுக்குப் போய் ஏழுமலையிடம் சொன்னேன். இந்தத் தடவை நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, "வூட்டாண்ட வந்து சொல்லுங்க மேடம், செல்வி கேக்கட்டும்" என்றார். அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். செல்வி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தது. சுவரில் கன்னியம்மாவின் படம், மாலை போட்டு. அதற்குக் கீழே நின்று எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். அந்தச் சுற்றறிக்கையில் இருந்ததை வரி வரியாகச் சொன்னேன், எனக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. செல்வி கத்தும், சாபம் கொடுக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏழுமலையைப் பார்த்து, "எனக்கு யாரும் படிச்சுக் காட்டலன்னு அன்னிக்கே ஏன்யா சொல்லல? எங்கம்மா உன்கூட பேசாமலே போச்சேய்யா" என்று கேட்டது.

ஏழுமலை கோபமே இல்லாமல், நிஜமாகவே விளங்காதவர் மாதிரி சொன்னார்.

"மேடம் பொய் எழுதுவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

இப்படிக்கு,
உன் அம்மா